இடைவேளைக்குப் பிறகு தெலுங்கு

எங்கள் வீட்டில் எந்த வில்லனும் தமிழில் செத்ததில்லை. முதல் பாதி முழுக்கத் தமிழில் மீசையை முறுக்குவான், சவால் விடுவான். இடைவேளை முடிந்ததும் அதே ஆள் தெலுங்குக்கு மாறிவிடுவான். உதை வாங்குவது, காலில் விழுவது, உயிரை விடுவது எல்லாம் தெலுங்கில்தான். இந்தக் கூத்துக்குக் காரணம் என் அண்ணனும் அண்ணியும்.

அண்ணனுக்கு நகரியில் பவர்லூம் வேலை. அண்ணி பங்காருபாளையத்து மாந்தோப்பு வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்குத் தமிழ் வராது. படம் போட்டால் எந்த மொழியில் பார்ப்பது என்று தினம் ரகளை. கடைசியில் அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னார்: “ஆஃப் எனக்கு, ஆஃப் உனக்கு.” அன்றிலிருந்து இரண்டு மொழியும் உள்ள டிஸ்க்குகளாகத் தேட ஆரம்பித்தார். சித்தூர், திருப்பதி, சில சமயம் சென்னை. மற்றவர்கள் திருப்பதிக்குப் போனால் லட்டு கொண்டுவருவார்கள், எங்கள் அண்ணன் லட்டோடு டிஸ்க்கும் கொண்டுவருவார்.

ரிமோட் அவர் கையில்தான் இருக்கும். திரையில் ‘இடைவேளை’ என்ற எழுத்து சுழன்று வந்து நின்றதும் படத்தை நிறுத்திவிட்டு, அண்ணி பக்கம் திரும்பி, “மார்ச்சேதா?” என்று கேட்பார். மாற்றட்டுமா என்று அர்த்தம். அண்ணி அடுப்படியில் போண்டா போட்டுக்கொண்டிருந்தாலும் அங்கிருந்தே “மார்ச்சு!” என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வராமல் படம் நகராது. நடுவில் யாராவது எழுந்து போனாலும் நகராது. “ஆள் சேர்ந்தாதான் படம்” என்பார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், அதோடு பேச்சும் போயிற்று. திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கை கால் கொஞ்சம் தேறியிருந்தது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது புரிந்தது. கண்ணால் பதில் சொல்லுவார், வாயைத் திறந்தால் வெறும் காற்று. நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிய மனிதர் அவர்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், வீட்டில் என்ன மொழி என்று கேட்டாள். அண்ணி “ரெண்டும்” என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இப்போதைக்கு ஒரே மொழியில் பேசுங்கள், அவருக்குக் குழப்பமில்லாமல் இருக்கும் என்றாள். அண்ணி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “தமிழு. அவங்க அம்மா பேசினது அதானே” என்றார். அன்று முதல் அந்த வீட்டில் அண்ணி வாயிலிருந்து ஒரு தெலுங்கு வார்த்தை வரவில்லை. பங்காருபாளையத்திலிருந்து தன் அம்மா ஃபோன் பண்ணினால் தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார். எனக்கு அண்ணியின் மேல் மரியாதை எப்போதும் உண்டு, ஆனால் அன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நான் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன், திருப்பதியில் குடியிருக்கிறேன். என்னால் முடிந்தது என்று சுவரகலத்துக்கு ஒரு புது டீவி வாங்கி, இருக்கிற ஆப்பையெல்லாம் போட்டுக் கொடுத்தேன். எந்த நேரமும் தமிழ்ப் படம் ஓடட்டும், காதில் விழ விழப் பேச்சு வரும் என்று கணக்கு. பழைய டீவியையும் டிஸ்க் பெட்டிகளையும் பழைய சாமான்காரரிடம் போடச் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினார். பிறகுதான் தெரிந்தது, ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டார்.

புது டீவியில் படங்கள் ஓடின. அண்ணன் பார்த்தார், அல்லது பார்ப்பது மாதிரி இருந்தார். அவருக்கு மிகவும் பிடித்த சண்டைப் படம் ஒன்று உண்டு. அதைத் தேடிப்பிடித்துப் போட்டோம். தமிழ் தனிப் படமாக, தெலுங்கு தனிப் படமாக இருந்தது. இடைவேளை எழுத்தையே வெட்டியிருந்தார்கள். முதல் பாதி எப்போது முடிந்தது என்றே தெரியாமல் படம் வழுக்கிக்கொண்டு போய் முடிந்தது. அண்ணன் முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் திரும்பப் போடலாம் என்று தேடினால் படமே இல்லை. காசு கட்டியவளுக்கு எரிச்சல் வராதா? ரிமோட்டை அமுக்கி அமுக்கிச் சலித்தேன்.

“உன் டீவில படமெல்லாம் வாடகைக்குக் குடி கீது பாப்பா. எப்போ காலி பண்ணும்னே தெரியாது” என்றார் அண்ணி.

“உங்க டிஸ்க்கு மட்டும் இன்னா, சொந்த வீடா?”

“ஆமா. எங்க ரெண்டு பேர் வீடு.”

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பழைய டீவி பரணிலிருந்து இறங்கி அண்ணன் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. பிளேயரின் தட்டு வெளியே வர மறுத்தது. அண்ணி தாலிச் சரட்டிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, நீட்டி, முன்னால் இருக்கும் பொடித் துளைக்குள் விட்டுக் குத்தினார். தட்டு சமர்த்தாக வெளியே வந்தது. டிஸ்க்கைத் தறித்துணித் துண்டால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, வைத்துத் தள்ளினார். கீறல் விழுந்த அந்தப் பிளாஸ்டிக் வட்டம் உள்ளே சுற்ற ஆரம்பிக்கும் சத்தம் கேட்டதும் அண்ணன் தலையைத் தூக்கினார். அதை நான் பார்த்தேன். புது டீவிக்கு ஒரு நாளும் அவர் தலையைத் தூக்கியதில்லை.

அதே சண்டைப் படம்தான். வில்லன் தமிழில் சவால் விட்டான். பாட்டு ஒரு இடத்தில் திக்கியது, எப்போதும் திக்கும் இடம்தான், மூன்று பேருக்கும் தெரியும். பிறகு ‘இடைவேளை’ சுழன்று வந்தது. ரிமோட் அண்ணியிடம் இருந்தது. பழக்கத்தில் நிறுத்தினார்.

அண்ணன் அண்ணி பக்கம் திரும்பினார். உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“மா... மார்ச்சே... தா?”

அய்யோ, பேச்சு வந்துவிட்டது! கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணியின் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். “வேணாங்க. தமிழ்லயே இருக்கட்டும்” என்றார்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்! நல்ல கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார்.

“மார்ச்சேதா!”

இந்தத் தடவை அது கேள்வியே இல்லை. ‘ஆஃப் உனக்கு’ என்று தீர்ப்புச் சொன்ன அதே மனிதர்.

“மார்ச்சு! மார்ச்சய்யா, மார்ச்சு!” என்று கத்தினார் அண்ணி. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த தெலுங்கெல்லாம் சேர்ந்து கொட்டியது. அவரைத் திட்டினார், கொஞ்சினார், வேங்கடேசப் பெருமாளைக் கூப்பிட்டார், ரிமோட்டை அவருடைய இடது கையில் திணித்தார். பழக்கமில்லாத கட்டைவிரல் தடவித் தடவிப் பட்டனைத் தேடியது. அண்ணி உதவி செய்யப் போகவில்லை. அவரே கண்டுபிடித்தார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கூடத்தில் வில்லன் தெலுங்கில் ஒரு வரி உறுமினான், பிறகு சத்தமே இல்லை. டிஸ்க் மாட்டிக்கொண்டது போல என்று நினைத்தேன்.

“பாப்பா, சீக்கிரம் வா” என்று அண்ணி கூப்பிட்டார். “உங்கண்ணன் உனக்கோசரம் நிறுத்தி வெச்சிகினு கீறார்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அண்ணன் ரிமோட்டை நீட்டிப் பிடித்தபடி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலோரம் உட்கார்ந்த பிறகுதான் பட்டனை அமுக்கினார்.