மெர்சிங் சாலையில் முகத்தை மூடிய ஜாக்கெட்

போன வருஷம், மழைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் நடந்தது இது.

முதலில் என் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறடி நான்கு அங்குலம். செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எனக்கு 'விளக்குக் கம்பம்' என்றுதான் பெயர். இருபது வருஷமாகக் கப்சாய் எனப்படும் சின்ன மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தேன், வெளியே போனால் மனைவியும் அதன் பின்னால்தான் உட்காருவாள். வளைத்துத் திருப்பினால் கைப்பிடி முழங்காலில் இடிக்கும். சர்க்கஸில் கரடி சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவியே சிரிப்பாள்.

பிள்ளைகள் படிக்க வெளியூர் போன பிறகு, நாங்கள் இருவரும் கிழக்குக் கரை முழுக்கச் சுற்ற வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதற்கு ஒரு பெரிய வண்டி தேடினேன். கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "உங்களுக்கு என்ன பாஸ், உயரமா இருக்கீங்க, எந்த வண்டியும் ஒத்து வரும்." சுத்தப் பொய். கால் தரையில் எட்டுவது ஒரு விஷயமே இல்லை. உட்கார்ந்த பிறகு முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, முதுகு எவ்வளவு குனிகிறது, காற்று எங்கே அடிக்கிறது என்பதுதான் விஷயம். தாழ்வான வண்டிகளில் கால் நீட்ட வசதியாக இருந்தது, ஆனால் மொத்த எடையும் முதுகெலும்பின் அடியில் இறங்கியது. சிலவற்றில் கால் மரத்துப் போனது. கடைசியில் இருக்கை உயரமான ஒரு வண்டியில் ஏறினேன். வாழ்க்கையில் முதல் முறையாக மனிதனைப் போல் உட்கார்ந்தேன்.

அதே மாடலைத் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் நண்பன் ஒருவன் வைத்திருந்தான். வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார் என்று சாவியைக் கொடுத்தான். ஆனால் அவன் என் தோளுக்குத்தான் வருவான். "முன்னாடி இருக்க காத்துத் தடுப்புக் கண்ணாடி என் உயரத்துக்கு வச்சது பாஸ். உனக்குக் காத்து மூஞ்சிக்கு நேரா ஏறும், பாத்துக்க லா," என்றான். காற்றுதானே என்று நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

என் மனைவிக்கு அந்த வண்டியைப் பார்த்ததுமே பயம். ஏறும்போதே சிலுவை போட்டுக்கொண்டாள். காலையில் பெய்த மழையில் சாலை இன்னும் ஈரமாக இருந்தது, குளிராகவும் இருந்தது. நான் என் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன், எப்போதும் போல் முன்பக்கம் பின்னாலும் பின்பக்கம் முன்னாலும். இங்கே மோட்டார் ஓட்டுகிற பாதிப் பேர் அப்படித்தான் போடுவோம். நெஞ்சில் காற்று அடிக்காது, முதுகுப் பக்கம் திறந்து கிடப்பதால் வேர்க்காது. என் ஜாக்கெட்டில் தலையை மூடும் தொப்பி ஒன்று சேர்த்துத் தைத்திருக்கும். திருப்பிப் போட்டால் அது தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கும். கப்சாயில் போகும்போது எதிர்க்காற்று அதை நெஞ்சோடு அழுத்தி வைத்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அது என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

கோத்தா திங்கி தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், அப்புறம் காடு, யானை கடக்கும் என்று மஞ்சள் பலகை. முழங்கால் வலிக்கவில்லை, இடுப்பு வலிக்கவில்லை. எனக்கு ஒரே குஷி. வேகத்தைக் கூட்டினேன்.

ஓர் இடது வளைவு வந்தது. எதிரே தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வருவதைப் பார்த்தேன். அடுத்த நொடி உலகம் இருண்டது.

என்ன நடந்தது என்றே புரியவில்லை. கண்ணுக்கு முன்னால் கறுப்புத் துணி. வண்டியின் முன் கண்ணாடியில் பட்டு மேலே ஏறிய காற்று, தொங்கிக்கொண்டிருந்த தொப்பியை ஊதிப் பெரிதாக்கி, என் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடிமேல் அப்படியே கவிழ்த்துவிட்டது. இடது கையால் இழுத்தேன். வரவில்லை. ஹெல்மெட்டின் விளிம்பில் எங்கோ மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வண்டி ஆடியது. பயந்து கையைத் திரும்பக் கைப்பிடிக்கே கொண்டுபோனேன். ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் விழுவோம், பிடிக்காவிட்டால் லாரிக்கு நேராகப் போவோம். வேகம் கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டு, "தெரியலடி, ஒண்ணும் தெரியல," என்று கத்தினேன். என் குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே செத்தது.

லாரியின் ஹாரன் கேட்டது. விடாமல் அடித்தான். அந்தச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. செத்தோம் என்று முடிவே செய்துவிட்டேன். நான் கொண்டுவந்து இவளைக் கொன்றுவிட்டேனே என்றுதான் ஓடியது மனதில்.

அப்போது என் இடது தோளில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. மறுபடியும் அடி. "இடது! இடது பக்கம்! இன்னும்! இன்னும்!" என்று என் மனைவி காதருகில் அலறினாள். யோசிக்க நேரமில்லை. அவள் அடித்த பக்கம் வண்டியைச் சாய்த்தேன். காற்று ஒரு சுவரைப் போல வலது பக்கத்தில் மோதிக் கடந்தது. அது லாரி. "போதும், நேரா, நேரா! இப்ப நிறுத்துங்க!" என்றாள். சக்கரம் சரளையில் இறங்கிக் கரகரத்தது. மெதுவாகப் பிரேக் பிடித்தேன். லாலான் புல்லுக்குள் போய் வண்டி நின்றது. நின்ற பிறகும் என் கண்ணில் இருட்டுத்தான். அவள்தான் பின்னாலிருந்து ஜாக்கெட்டைப் பிடித்துக் கிழிக்கிற மாதிரி உருவினாள்.

வெளிச்சம் வந்தது. காலை ஊன்றினேன். அங்கே குலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் ஓடி வந்து, "பாங், ஓக்கே தாக்?", அண்ணே ஒன்றும் ஆகவில்லையே என்று மலாயில் கேட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டார். தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். வாங்கினேன், வாயில் ஊற்றத் தெரியவில்லை, நெஞ்செல்லாம் ஊற்றிக்கொண்டேன்.

புல்லில் உட்கார்ந்துவிட்டோம். அவள் அழவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். நடு ரோட்டுக் கோட்டில் பதித்திருக்கும் கற்களில் சக்கரம் தடதடவென்று ஏறிய சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாளாம், லாரி நேராக வந்ததாம், நான் திருப்பவே இல்லையாம்.

எனக்குத்தான் வாய் ஓயவில்லை. "ஒண்ணுமே தெரியலடி. எந்தப் பக்கம் போறோம், எதுல மோதப் போறோம், ஒண்ணும் தெரியல. அந்தப் பயத்தை என்னால சொல்லவே முடியல," என்று புலம்பிக்கொண்டே இருந்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு எப்பவும் அப்படித்தாங்க. பின்னால உக்காந்தா உங்க முதுகுதான் தெரியும். வேற என்ன தெரியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நாங்கள் மெர்சிங் போகவில்லை. ஜாக்கெட்டைச் சுருட்டி வண்டியின் பின் பெட்டிக்குள் திணித்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். நண்பனிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாதக்கணக்கில் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் அவள்தான் வாங்கலாம் என்றாள். கண்ணாடி உயரமாக உள்ள ஒன்றைப் பார்த்தோம். கடைக்காரர் என்னை ஏறி உட்காரச் சொன்னார். நான் ஏறி, அவளையும் பின்னால் ஏறச் சொல்லி, "ரோடு தெரியுதா?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். பின் இருக்கையை உயர்த்தித் தைக்கச் சொன்னேன். பின்னால் உட்காருபவருக்காக யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு சில நொடி தாங்க முடியாமல் நான் அலறிய அந்த இருட்டில், இவள் இத்தனை வருஷமாகச் சத்தமே போடாமல் என்னை நம்பி உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்பதை நினைத்தால், லாரியை நினைப்பதைவிட அதுதான் என்னை இன்றும் அதிகமாக நடுங்க வைக்கிறது.