பங்களாவிலிருந்து வந்த தட்டு

நீல விளிம்பு வைத்த அந்த எனமல் தட்டு எங்கள் வீட்டுடையது அல்ல. தோட்டத்துத் துரை பங்களாவுடையது. அம்மா செத்த மறுநாள் அதில்தான் பை என்கிற அந்த வெள்ளைக்காரப் பலகாரம் வந்தது. சாவு வீட்டில் அடுப்பெரியாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். துரையின் மனைவி, துரைசாணியும் தன் பங்குக்கு அனுப்பிவிட்டார். இனிப்பு அனுப்பக்கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை போலும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பார்கள். சாவு வீட்டிலிருந்து எதை வைத்து அனுப்புவது? அப்படியே எங்களிடம் தங்கிவிட்டது.

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அக்காவுக்குப் பங்களாக் குசினியில் சமையல் வேலை. துரைசாணி சிங்களப் பெண்மணி, நல்ல மனுஷி. வெளிநாட்டிலிருந்து அவருடைய தங்கை அனுப்பிய பொட்டலத்தில் மிளகு மிளகாகச் சொக்லட் துண்டுகள் இருந்தன. பட்டர் போட்டுப் பிசைந்த மாவைத் தட்டில் பரப்பி, முட்டையும் சீனியும் அடித்து ஊற்றி, அந்தத் துண்டுகளைத் தூவி, இரும்பு அடுப்பின் அறைக்குள் வைத்து மூட வேண்டும். அதற்குத்தான் பை என்று பெயர். ரப்பர் விறகு எப்போது எப்படி எரியும் என்று சொல்ல முடியாது. வெந்துவிட்டதா என்பதை மணம் பிடித்தே அக்கா சொல்வாள். அதில் அவளுக்குத் தலைக்கனமும் உண்டு. "கருகாம எடுக்க இந்தத் தோட்டத்துல நான் ஒருத்திதான்" என்பாள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன அம்மா காய்ச்சலோடு திரும்பினாள். மூன்றாம் நாள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறிக்குச் சொல்லியிருந்தார்கள். "ஓடிப் போயி அக்காவ கூட்டிட்டு வா" என்றார் அப்பா. எனக்குப் பதின்மூன்று வயது. ஓடினேன். குசினி வாசலில் அந்த மணம் என்னை நிறுத்திவிட்டது. மூச்சு இழுக்கிறது என்று நான் சொல்லவில்லை. "அம்மா ஒன்ன கூப்புடுது" என்று மட்டும் சொன்னேன். ஓரத்துத் துண்டு ஒன்று தருகிறேன் என்று அக்கா காலையில் சொல்லியிருந்தாள். அதுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

"கெதர யன்ன, யன்ன" என்று துரைசாணிதான் அவளை வீட்டுக்கு விரட்டினார். அக்கா அடுப்பை விட்டு நகரவில்லை. இன்னும் பத்து நிமிஷம், தான் போனால் கருகிவிடும் என்று சிங்களத்திலேயே பதில் சொன்னாள். நானும் படியில் உட்கார்ந்துகொண்டேன். பை பொன்னிறமாக வந்தது. அதை வெட்டக்கூட நிற்காமல் நாங்கள் இறங்கி வந்தபோது அம்மாவை ஏற்றிக்கொண்டு லொறி போய்விட்டிருந்தது. சாயந்தரம் அதே லொறியில் அம்மாவின் உடம்பு வந்தது.

லயத்து வரிசை வீடுகளின் சனம் துரைசாணியைக் கரித்துக் கொட்டியது. "பாவி, பெத்தவள பாக்க லீவு குடுக்கலையே!" அக்கா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. குசினி வாசலில் நான் எதை மறைத்தேன் என்பது அக்காவுக்கும் தெரியாது. மறுநாள் பங்களாத் தட்டில் வந்ததை யாரும் தொடாததால் பின்பக்கம் எடுத்துப்போய் நானே தின்றேன். நல்ல ருசி. அழுகை வரவில்லை. அம்மாவை நினைத்து இன்றுவரை வந்ததில்லை. கல்மனசுக்காரி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன மாதம் அக்கா கொழும்பிலிருந்து வந்திருந்தாள். என் மகள் சொக்லட் துண்டுகளைக் கடையில் பக்கற்றாகவே வாங்கி வந்து, அலுமாரியின் மேலிருந்து அந்தத் தட்டை இறக்கினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் தடுக்கவில்லை. மின் அடுப்பில் வைத்துவிட்டு மணியைப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம், பெரியம்மா."

அக்கா எழுந்துவிட்டாள். "போதும், எடு."

"வேகவே இல்லையே!"

"எடுன்னா எடுடி."

நீல விளிம்புக்குள் மாவு வெள்ளையாகவே இருந்தது. நடுப்பகுதி தளும்பியது. அக்கா ஓரத்துத் துண்டை வெட்டி, "ஒனக்கு அன்னைக்கே தாரேன்னு சொன்னேன்ல" என்று என் கையில் வைத்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை. தின்றேன்.