கொட்டாங்கச்சிக்குள் அரிசி: எங்கள் ஸ்பானியப் பாட்டுக்குழு

கல்யாண வீட்டில் பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டினால்கூட மன்னித்துவிடுவார்கள். பாட்டுக்கு அர்த்தம் தெரியாது என்றால் விடமாட்டார்கள். மேடையேறி விழி பிதுங்கிய சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

அர்த்தம் என்ன?

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் தெங்கேரா டவுனில் நாங்கள் மூன்று பேர். நான் கித்தார், சூசை அக்கார்டியன், மணியம் கிலுகிலுப்பை. பழைய சாமான் கடையில் கிடைத்த ஸ்பானிய இசைத்தட்டு ஒன்றைத் தேயத் தேயப் போட்டு, ஒரு சொல்லும் புரியாமல் மனப்பாடம் செய்தோம். எதை நினைத்து இந்த ஆள் இப்படி உருகுகிறான் என்று மண்டையைக் குடையும். டவுனில் யாரும் எங்களைச் சீந்தவில்லை. பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கங்காணி ஒருவர்தான் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். அதுவும் கவிழ்ந்தால் குழுவைக் கலைத்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். கங்காணிக்கு ஒரே கவலை: "மங்கள காரியம் தம்பி. இழவுப் பாட்டா இருந்துடப் போவுது, பாத்துக்குங்க லா!"

ஆள் போகலாம்

கல்யாணத்தன்று காலை எங்கள் பஸ்ஸைச் சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேருமென்று, ஒரு பிடி அரிசிகூட ஊரைவிட்டு வெளியே போகக் கூடாத காலம். நம்மிடம் என்ன இருக்கிறது என்று தைரியமாக இறங்கினோம். ஸ்பெஷல் கான்ஸ்டபிள், நம்ம தமிழ்ப் பையன்தான், மணியத்தின் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தார். முகம் மாறியது. அடக் கடவுளே! கொட்டாங்கச்சிக்குள் நாங்களே போட்டு மூடியது அரிசிதானே! அது தின்கிற பொருள் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"பாடிக் காட்டுங்க" என்றார். முள்கம்பி ஓரம் நின்று பாடினோம். பஸ்ஸிலிருந்தவர்கள் தாளம் போட்டார்கள். அவர் சிரிக்கவே இல்லை. மூடியைப் பெயர்த்து, அரிசியைச் சாக்கில் கொட்டிக்கொண்டு சொன்னார்: "ஆளு போலாம். அரிசி போவாது."

தோட்டத்துச் சரக்கு

கிலுகிலுப்பை இல்லாமல் அந்தப் பாட்டுக்கு உயிரே இல்லை. பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. மணியம் ஓடிப்போய் மரத்தடியில் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி உள்ளே போட்டு, வாயை மரத்தில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலால் அடைத்தான். அரிசியைவிடப் பெரிய சத்தம்! பால்வெட்டும் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா நேராக என்னிடம் வந்து அர்த்தம் கேட்டார். தெரியாதுங்க என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். போச்சு, குழு கலைந்தது என்றே நினைத்தேன். அவர் தாடையைச் சொறிந்தார்: "ஐயரு சொல்ற மந்திரத்துக்கும்தான் அர்த்தம் தெரியல, கல்யாணம் நடக்கலையா? அடுத்த மாசம் என் ரெண்டாவது பையனுக்கும் வந்துடுங்க லா!"

அப்புறம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினோம். எந்தெந்த ஜோடியை என்னவென்று வாழ்த்தினோமோ, அந்த ஸ்பானியக்காரனுக்கே வெளிச்சம்.