ரிபாதெசெய்யாவில் ஒரு குமட்டல்

முசரவாக்கம் கொத்தனார் யேசுதாஸின் மகள் சுகாசினி. அவளுடைய தாத்தா காலம்வரை ஊரான் நிலத்தில் கூலிவேலைதான். இவள் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து, தரம் பார்ப்பதில் பேர் வாங்கினாள். புது மெஷினைப் பழகிவர வடக்கு ஸ்பெயினுக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருத்தி இவள். இன்னொருத்தி மேனேஜர் அகிலா, காஞ்சிபுரம் டவுன்காரி. இருவருக்கும் ஒரே ஃபிளாட்.

வந்திறங்கிய மறுநாளே அகிலா ஒரு தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துக் கொடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வீட்ல பழக்கம் அப்படி. இது ரெண்டும் நீ வெச்சிக்கோ."

சுகாசினி வாங்கிக்கொண்டாள். மேலதிகாரி, அயல்நாடு, புது வேலை. ஆனால் அன்றிலிருந்து அந்த அடுப்படியில் கால் வைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை பார்க்கும் பிலார் என்கிற பெண் தன் காரில் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனாள். முதலில் சாந்தியானா என்கிற பழங்கால ஊர். தெருவெல்லாம் கருங்கல், வீட்டுக்கு வீடு நெற்றியில் செதுக்கிய குலச்சின்னம். அகிலா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படம் எடுத்தாள்.

"பாத்தியா சுகாசினி, பரம்பரை கௌரவம் எல்லா ஊர்லயும் இருக்குது."

சுகாசினிக்கு வாயெல்லாம் கசந்தது. அந்த அழகான தெருவே பிடிக்காமல் போயிற்று.

மதியம் கடலோரத்து ரிபாதெசெய்யா. அங்கே குகைக்குள் பத்தாயிரம் வருடங்களுக்கும் முந்திய ஓவியங்கள். ஈரக் குளிரில் வரிசையாக நடந்தார்கள். வழிகாட்டி விளக்கைத் தூக்கிப் பிடித்ததும் பாறையிலிருந்து ஊதாவும் கறுப்புமாக ஒரு குதிரை எழுந்து வந்தது. அகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம எல்லாருக்கும் முப்பாட்டன் இவங்கதான் இல்ல?"

அந்த 'நம்ம'தான் சுகாசினிக்கு முள்ளாய்க் குத்தியது.

வெளியே வந்ததும் பிலார் ஆப்பிள் மது விற்கும் கடைக்குக் கூட்டிப்போனாள். அந்த ஊரில் மேஜைக்கு ஒரே கிளாஸ்தான். கடைக்காரர் புட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் கொஞ்சமாக ஊற்றுவார். ஒருவர் குடித்து, மீந்த சொட்டால் விளிம்பை அலம்பிக் கீழே விட்டு, அடுத்தவருக்குத் தர வேண்டும். பக்கத்து மேஜைக் கிழவர் ஒருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சேர்ந்துகொண்டார். பல்லில்லாத வாய், மீசையெல்லாம் நுரை. அவர் குடித்து நீட்டிய கிளாஸை அகிலா சிரித்துக்கொண்டே வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஊர்ல சொல்லிடாதம்மா!"

சுகாசினிக்கு வயிற்றைப் புரட்டியது.

"இவரு எந்தத் தெருன்னு விசாரிச்சீங்களா மேடம்?"

"சீ, என்ன பேச்சு? இது இவங்க கல்ச்சர்."

"அப்போ வீட்ல எனக்குன்னு தனியா வெச்சிக்கிறீங்களே, அது?"

அகிலாவின் முகம் கறுத்தது. என்னவென்று பிலார் கேட்டாள். சுகாசினி ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். பிலார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். கிழவர் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளிநாட்ல என் மானத்த வாங்கிட்டியே," என்றாள் அகிலா.

அன்றே சுகாசினி பெட்டியைக் கட்டிக்கொண்டு பிலார் வீட்டுக்குப் போனாள். பயிற்சி முடியும்வரை அங்கேதான் இருந்தாள். ஊர் திரும்பி ஆபீசில் புகார் சொன்னபோது, "சின்ன விஷயம், அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போகக் கூடாதாம்மா?" என்றார்கள். அதைக் கேட்டு அவளுக்கு அந்த ஆபீசே நாறியது. ஆனாலும் வேலையை விடவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி விடாப்பிடியாக நின்று வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகிலாவின் ஸ்டேட்டஸ் வந்தது. குகை வாசலில் கைகளை விரித்து நிற்கிற படம். கீழே, 'மனித இனம் ஒன்றே.'

சுகாசினி ஜன்னலைத் திறந்து காறித் துப்பினாள்.