கங்காணி வீட்டுப் பாட்டுப் பெட்டியில் பாடிய ஆண்பிள்ளை

பாட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நான் சொல்லாமல் விட்டதில்லை. ஜவ்வு மாதிரி இழுத்துப் பாடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பாடுகிறவரை முந்திக்கொண்டு ஓடும் ஆர்மோனியக்காரனை மேடையிலிருந்து இறக்கிவிட வேண்டும். ஒரு நாடகத்துக்கு ஒரு அழுகைப் பாட்டு போதும். இவ்வளவு கறாராகப் பேசும் தகுதி எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. பாட்டு விஷயத்தில் ஒரு தோட்டத்தையே எதிர்த்து நின்று ஜெயித்தவள் நான்!

இலங்கையில், கொடகவெலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குக் கூலிவேலை. அங்கே இருந்த ஒரே கிராமபோன் பெரிய கங்காணியுடையது. துரை பங்களாவில் பழசானதை வாங்கி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வீட்டு வாசலில், எங்கள் வரிசை வீடுகளான லயத்துச் சனமெல்லாம் கூடிவிடும். தமிழ் நாடகப் பாட்டு மூன்று இசைத்தட்டு, பெட்டியோடு வந்த இங்கிலீசு டான்ஸ் பாட்டு ஒரு தட்டு. எல்லாப் பாட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டவர் நடப்பதுபோல அசைந்து அசைந்துதான் வரும். டான்ஸ் பாட்டைக் கேட்டால் இழவு வீட்டு ஞாபகமே வரும். ஊரை விட்டு வந்த துக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழுதுகொண்டே ஆடுகிறார்கள், பாவம் என்று எங்கள் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

அப்பாவுக்கு உயிர், தொலைந்த மானைத் தேடும் பாட்டு. கனத்த குரல். தட்டின் நடுவே பேர் இருந்த இடத்தில் கங்காணி பக்தியோடு ஒரு முருகன் படத்தை ஒட்டியிருந்ததால் பாடியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அப்பாவோ அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் போல வருணிப்பார். ஆறடி உயரமாம், காதில் கடுக்கனாம், மீசை இரண்டு பக்கமும் முறுக்கி நிற்குமாம். “ஆம்பளைக் குரல்னா இதுதான்யா!” என்று தொடையில் தட்டிக்கொள்வார்.

அம்மா மட்டும் அது ஒரு பெண் பாடிய பாட்டு என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் துறையூரில் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனியில், முன்னால் மண்ணில் உட்கார்ந்து அவளைப் பார்த்தாளாம். பாடியவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாளாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது அம்மா அந்தப் பாட்டைத் தன் மெல்லிய குரலில் விறுவிறுவென்று பாடுவாள். மலையே சிரிக்கும். “உங்கம்மா கதை விடுறதுல கெட்டிக்காரி,” என்று அப்பா என்னிடமே சொல்வார். கொட்டகையாவது, பச்சைச் சேலையாவது, பஞ்சம் பிழைக்க வந்தவளுக்கு நாடகம் ஒரு கேடா என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா பாடுவதையே விட்டுவிட்டாள். என் அம்மாவை ஊர் கூடிப் பொய்க்காரியாக்கிவிட்டதே என்று எனக்கு வயிறெரிந்தது.

ஒரு நாள் அப்பாவோடு கொடகவெல கடைவீதிக்குப் போனேன். அப்பா கருவாடு வாங்கப் போக, நான் துணிக்கடை வாசலில் நின்றேன். கடைக்குள்ளே கிராமபோனில் எங்கள் மான் பாட்டு! ஆனால் பாடியது ஒரு பெண்.

“நானா, எங்க தோட்டத்துக் கங்காணி வீட்டுப் பெட்டில இதை ஆம்பளைதான் பாடுறாரு,” என்றேன் கடைக்காரரிடம். முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன விசையைத் தள்ளினார். பெண் குரல் அப்படியே இறங்கி அப்பாவின் மீசைக்காரராகிவிட்டது.

“இந்தக் குரல்தானே, மகள்? உங்கட கங்காணி மெதுவா ஓட விடுறாரு போல.”

அப்பாவிடம் சொன்னேன். நானா ஏதோ கண்கட்டு வித்தை காட்டிச் சின்னப் பிள்ளையை ஏமாற்றிவிட்டார் என்று ஒரே போடாகப் போட்டார்.

விடுவேனா? அடுத்த ஞாயிறு, மான் பாட்டு தொடங்கியதும் எழுந்து நின்று, “இது பொம்பளை பாடுறது! எங்கம்மா சொன்னதுதான் சரி!” என்று கத்தினேன். சிரிப்பில் வாசல் அதிர்ந்தது. அப்பா எழுந்து, “பொம்பளைன்னு மட்டும் ஆகட்டும், இப்பவே என் மீசையை எடுத்துடுறேன்!” என்றார்.

“அந்த விசையைத் தள்ளுங்க கங்காணி ஐயா.”

“அதைத் தொடாத, புள்ள. வேகமா ஓடினா தட்டு தேஞ்சு போயிரும். நான்தான் அதைக் குறைச்சு வச்சிருக்கேன்.”

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. பாய்ந்து போய்த் தள்ளிவிட்டேன்.

மீசைக்காரரின் தொண்டை ஒரு தடவை வழுக்கியது. அடுத்த கணம் ஒரு பெண் பாடினாள், கணீரென்று, விறுவிறுவென்று! என்னை அடிக்க ஓங்கிய கங்காணியின் கை அந்தரத்திலேயே நின்றது. பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல் அவளோடு சேர்ந்துகொண்டது. அம்மா! எத்தனையோ நாள் கழித்து வாயைத் திறந்திருந்தாள். தட்டின் குரலும் அவள் குரலும் இம்மி பிசகாமல் ஒட்டி நின்றன. யாரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் பெண்கள் போட்ட குலவை துரை பங்களா வரைக்கும் கேட்டிருக்கும். டான்ஸ் பாட்டையும் வைத்தார்கள். அடடா, அது குதியாட்டம்! லயத்துப் பிள்ளைகள் ஒன்று பாக்கியில்லாமல் ஆடின. வெள்ளைக்காரர்கள் மேல் எங்களுக்கு இருந்த இரக்கம் அன்றோடு போயிற்று.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். நாவிதரைத் தானே கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் பலகையில் உட்கார்ந்தார். இரண்டு பேர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்து, நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல அம்மாவைத் தேடினேன்.

அவள் சுவரோரம் நின்று, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். இறங்கி ஓடினேன். ஜெயித்தவர்கள் அழுவார்களா? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தட்டுப்பட்டது.

“அழாதம்மா, ஒரு மாசத்துல மொளைச்சுரும்,” என்றேன்.

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, முன்னைவிட அதிகமாக அழுதாள். அப்பாவின் மீசை மேல் அவளுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.