நில்லுங்க, நில்லு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே லிஃப்ட் குழிக்குள் மூன்று முறை ஸ்பானரைத் தவறவிட்டான். அன்றிலிருந்து கம்பெனியில் அவனுக்கு ஸ்பானர் என்றே பெயர். பின்னாளில் ராப் பாட ஆரம்பித்தபோது மேடைக்கென்று ஒரு பெயர் வேண்டியிருந்தது. கேலிக்கு வைத்ததையே எடுத்துக்கொண்டான். அப்பாவும் அக்காவும் மட்டும்தான் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட மிஞ்சினார்கள். அவர்களும் பெரும்பாலும் "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

பதினொரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. மாதம் ஒருமுறை போய் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட வேண்டும், கதவு சரியாகச் சாத்துகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழிக்குள் இறங்கி நின்று பேசினால் குரல் ஆறு மாடி ஏறிப்போய், அரைத் தாளம் தாமதமாகத் திரும்பி வரும். அந்தத் தாமதம் அவனுக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பொருந்துகிற மாதிரி வார்த்தைகளைப் போட்டுப் பார்ப்பான். வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வராத வரி, கையில் கிரீஸ் ஒட்டியதும் வந்துவிடும். இப்படிச் செய்த பாட்டுகளை மூன்று வருடமாகப் போனிலிருந்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் முந்நூறு பேர் இருக்கலாம். அதில் நாற்பது பேர் லிஃப்ட் மெக்கானிக்குகள்.

ஒரு மழைநாள் காலை அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், எளிதில் முனகாதவர், அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினார். பள்ளி வேன் ஓட்டும் அக்கா பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே வேனில் அப்பாவையும் அவனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பதிவு கவுன்டரில் கூட்டம் அலைமோதியது. மூன்று மணி நேரம் ஆகியும் சீட்டு கிடைக்கவில்லை. ஆத்திரத்தில் ஸ்பானர் போனை எடுத்து கவுன்டரைப் படம் பிடிக்க ஆரம்பித்தான். கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "ஸ்ட்ரெச்சர் வருது, அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

அப்பாவுக்குக் கல் கரைந்தது. மகனுக்குக் கோபம் கரையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே, அந்தக் கோபத்தோடு, வீடியோவில் அந்த வாசகத்தின் பின்பாதியை மட்டும் வெட்டி, ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இணையத்தில் போட்டுவிட்டான். அடுத்த வாரம் அதையே வைத்துப் பாட்டுக் கட்டினான். அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு அதற்குள் மைக்கை வைத்திருந்தான். அதுதான் அவனுடைய ஸ்டூடியோ. அந்தப் பெண்ணின் குரலை வெட்டித் தாளத்தில் உட்காரவைத்துப் பார்த்தான். 'நில்லுங்க' இழுத்தது. கடைசி 'ங்க'வை வெட்டினான். 'அந்தப் பக்கம் போய் நில்லு' என்று சுத்தியல் அடித்தாற்போல் விழுந்தது. இருபது முறை திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"அவங்க 'நில்லுங்க'ன்னுதானடா சொன்னாங்க?"

"தாளத்துல உக்காரலக்கா."

"உக்காரலன்னா?"

"கேக்க நல்லா இருக்கா இல்லயா, அத மட்டும் சொல்லு."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

பாட்டு பற்றிக்கொண்டது. வங்கியில் நின்றவன், கல்லூரி சேர்க்கைக்கு நின்றவள், முதியோர் உதவித்தொகைக்கு நின்ற கிழவர், எல்லோருக்கும் அது தங்கள் பாட்டாகத் தோன்றியது. மூன்று வாரத்தில் முந்நூறு என்பது முப்பது லட்சமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேடை கிடைத்தது. அவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால் ஆயிரம் தொண்டைகள் ஒன்றாக 'நில்லு' என்றன. ஒரு இசை நிறுவனத்தின் மேனேஜர் தேடிவந்து, இதையும் சேர்த்து எட்டுப் பாட்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டார். அப்பா தன் போனில் அந்தப் பாட்டையே அழைப்பு மணியாக வைத்துக்கொண்டார். யாராவது கூப்பிட்டால் உடனே எடுக்கமாட்டார், நாலு வரி ஓடவிட்டுத்தான் எடுப்பார்.

பாட்டின் வீடியோவில் அந்தப் பெண்ணின் முகத்தை மங்கலாக்கியிருந்தான். ஆனால் முதல் நாள் போட்ட பழைய வீடியோ அவன் இணையப் பக்கத்திலேயே கிடந்தது. ரசிகர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். அதிலிருந்த 'ங்க' யார் காதிலும் விழவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த கவுன்டர் என்று கண்டுபிடித்தார்கள். போனோடு போய் வரிசையில் நின்று, "மேடம், ஒரு தடவ சொல்லுங்க மேடம்," என்றார்கள். யாரோ அவருடைய போன் நம்பரை வெளியிட்டார்கள். வேறு யாரோ அவர் முகத்துக்குக் கழுதைக் காது வரைந்து போட்டார்கள். அதன் கீழே ஸ்பானர் ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டான். அவனுக்கு அது ஒரு விரல் அசைவு. பதினேழாயிரம் பேர் அந்தச் சிரிப்புக்கு விருப்பம் தெரிவித்தார்கள்.

அதே ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஒருவர் ஒரு பதிவு எழுதினார். 'அவங்க அப்படிச் சொல்லல. முழு வீடியோவையும் போடுங்க.' சாப்பாட்டு நேரத்தில் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஸ்பானர் அதைப் படித்தான். திரும்ப ஒருமுறை படித்தான். மேனேஜர் கூப்பிட்டார்.

"பாத்தியா தம்பி? பதில் போடு. சும்மா இருந்தா பயந்துட்டான்னு ஆயிடும்."

"முழு வீடியோ கேக்குறாங்கண்ணே."

"கேக்கட்டும். சண்டை நடந்தா நமக்கு நல்லதுதான். எண்ணிக்கை தானா ஏறும்."

ஸ்பானர் எழுதினான்: 'பக்கத்துல நின்னது நான். அவங்க என்ன சொன்னாங்கன்னு என் காதுக்குத் தெரியும்.' தெரியும் என்பது உண்மைதான். அதனால் அது பொய் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். நர்ஸின் மேல் அன்று மாலைக்குள் வசவு மழையாகப் பொழிந்தது. இரண்டாம் நாள் அவர் பதிவை எடுத்துவிட்டார். கவுன்டர் பெண் வேலையை விட்டுவிட்டதாக ஒரு செய்தி வந்தது. வேறு வேலை கிடைத்திருக்கும் என்று ஸ்பானர் நினைத்தான். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

எட்டு மாதம் ஓடியது. இரண்டாம் பாட்டு சுமாராகப் போனது. மூன்றாவது நன்றாகப் போனது. லிஃப்ட் வேலையை மட்டும் அவன் விடவில்லை. குழிக்குள் இறங்காவிட்டால் வரி வராது என்று பயம்.

ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. ஐந்து மாடிக் கட்டடம், நாலாவது மாடியில் பல் ஆஸ்பத்திரி. லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது என்றார்கள். ஸ்பானர் படியேறிப்போய் நாலாம் மாடிக் கதவில் தட்டினான்.

"உள்ள எத்தன பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான்."

அவன் கை கதவிலேயே நின்றுவிட்டது. அந்தக் குரலை அவன் ஆயிரம் முறை கேட்டிருக்கிறான். எங்கே மூச்சு எடுக்கும், எங்கே கொஞ்சம் கரகரக்கும் என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். சொந்த அக்காவின் குரலைக்கூட அவன் அவ்வளவு கூர்ந்து கேட்டதில்லை.

ஆனாலும் வேலை வேலைதான். மனப்பாடமாகச் சொல்லிப் பழகியதைச் சொன்னான்.

"பயப்படாதீங்க. காத்து வரும். நான் மேல மெஷின் ரூம் போய், கரன்ட்ட நிறுத்திட்டு, பிரேக்கைத் தளர்த்தி மெதுவா இறக்குவேன். கொஞ்சம் ஆடும். கதவுகிட்ட நிக்காதீங்க. அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

"நீங்களும் 'ங்க' போட்டுத்தான் சொல்றீங்க," என்றது குரல்.

மேலே மெஷின் ரூமுக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். லிஃப்டை மூன்றாம் மாடித் தரையோடு சேர்த்தான். இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தான். அவர் மூலையில் நின்றிருந்தார். அதே கண்ணாடி, பல் ஆஸ்பத்திரியின் வெள்ளை மேலங்கி. குரலை வைத்து அவருக்கும் ஆளைத் தெரிந்திருந்தது. மேடையில் போடும் தொப்பி இல்லாத தலையை ஒருமுறை பார்த்தார்.

"இந்தப் படியில கொஞ்சம் உக்காந்துக்கிறேன்," என்றார்.

ஸ்பானர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கிக்கொண்டார். இரண்டு படி தள்ளி அவன் உட்கார்ந்தான்.

"மன்னிச்சிருங்க," என்றான். "இன்னிக்கே வீடியோ போடுறேன். முழுசா என்கிட்ட இருக்கு. ஸ்ட்ரெச்சர் வருதுன்னு நீங்க சொன்னது, எல்லாம் இருக்கு. நான்தான் வெட்டினேன்னு சொல்லிடுறேன்."

"வேணாம்."

"இல்லீங்க, உங்க பேரு..."

"வேணாம்னு சொல்றேன்ல. நீங்க மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டா என்ன நடக்கும்? பாவம் அந்தம்மான்னு மறுபடி என் மூஞ்சியத்தான் தேடுவாங்க. பாவம்னு சொல்றவங்களும் வந்து படம்தான் எடுக்கிறாங்க. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல இப்பதான் மறந்திருக்காங்க. இங்க டாக்டருக்கு நான் யாருன்னு தெரியாது. தெரிய வேணாம்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"அது உங்க பாடு. என்னைப் பத்தி வாயத் தொறக்காதீங்க. நல்லதாவும் வேணாம், கெட்டதாவும் வேணாம்."

பாட்டிலை மூடி அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலாம் மாடிக்கு நடந்தே ஏறினார்.

மறுநாள் ஸ்பானர் அந்தப் பாட்டைத் தன் பக்கத்திலிருந்து எடுத்தான். பழைய வீடியோவை எடுத்தான். கழுதைக் காதுப் படத்தின் கீழே இருந்த சிரிப்பைத் தேடிப்போய் அழித்தான். நர்ஸுக்குத் தனியாக எழுதினான்: 'நீங்க சொன்னதுதான் உண்மை.' அவர் படித்தார். பதில் போடவில்லை. மேனேஜர் கொதித்துப்போனார்.

"காரணம் என்னன்னு ரெண்டு வரி எழுது. நீ அழுதுகிட்டே பேசினாக்கூடப் போதும், நான் பாத்துக்கிறேன்."

"காரணம் சொல்ல முடியாதுண்ணே."

"முடியாதா? ராப் பாடுறவனுக்குப் பேச முடியாதா?"

ஒப்பந்தத்தில் மீதியிருந்த ஐந்து பாட்டுகளும் நின்றுபோயின. ஆஸ்பத்திரி ஆட்கள் மிரட்டினார்கள் என்றார்கள் சிலர். விலைபோய்விட்டான் என்றார்கள் பலர். கரடி என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தவன், முன்பு இரண்டு மேடைகளில் இவனோடு சேர்ந்து பாடியவன், 'வாயில பூட்டு' என்று இவனைத் திட்டி ஒரு பாட்டே போட்டான். பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அதற்குப் பதில் ஸ்பானருக்கு அருவியாகக் கொட்டியது. இரண்டு நாளில் முப்பத்தாறு வரி. ஒவ்வொன்றும் கரடியைக் கிழித்துத் தோரணம் கட்டும். ஆனால் எந்த வரியில் தொடங்கினாலும் பத்தாவது வரிக்குள் அந்தப் பெண் உட்கார்ந்த படிக்கட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத வெளிய விட்டா நீ ஜெயிச்சிடுவ," என்றாள். விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. அவன் தாளை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அப்பாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மகன் தனக்காகப் பாடினான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்தே ஸ்பானர் எல்லாவற்றையும் சொன்னான்.

அப்பா ரேசரைக் கழுவினார்.

"எனக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"நீ தண்ணி வாங்கப் போயிருந்தியே, அப்ப அந்தம்மா எழுந்து வந்து அவங்க நாற்காலிய எனக்குப் போட்டாங்க. அப்புறம் நின்னுகிட்டேதான் வேலை பாத்தாங்க."

"ஏம்ப்பா சொல்லல?"

அப்பா கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார். பாதிக் கன்னம் இன்னும் மழிக்கப்படவில்லை.

"எனக்காக நீ அதுவரைக்கும் ஒண்ணும் பாடினதில்லயே. கேக்க சந்தோஷமா இருந்துச்சு. அதான் வாயத் தொறக்கல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவில்லை. திட்டுவதற்கு யாருக்கும் தகுதி இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. மாலையில் அப்பா போனை அக்காவிடம் நீட்டி, "இந்த மணிய மாத்திக் குடும்மா, எதையாவது வை," என்றார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இணையத்தில் அந்தப் பாட்டு சாகவில்லை. யார் யாரோ தங்கள் பக்கங்களில் போட்டிருக்கிறார்கள். அவற்றை எடுக்கச் சொல்லி எழுதி எழுதி ஸ்பானர் ஓய்ந்துவிட்டான். பல் ஆஸ்பத்திரிக் கட்டடம் இன்னும் அவன் பொறுப்பில்தான் இருக்கிறது. கட்டடத்தை மாற்றிக் கொடுக்கும்படி கம்பெனியில் கேட்டான், கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பெண் வேலைக்கு வருவதற்கு முன், காலை எட்டு மணிக்கே போய்ப் பராமரிப்பை முடித்துவிடுகிறான். ஒரே ஒரு முறை இருவரும் வாசலில் எதிர்ப்பட்டார்கள். அவர் குடையை மடித்துக்கொண்டே, "நாலாம் மாடியில கதவு சாத்துறப்ப சத்தம் வருது, பாருங்க," என்றார். பார்த்துச் சரிசெய்தான்.

பாடுவதை அவன் நிறுத்தவில்லை. கூட்டம் சின்னதாகிவிட்டது. யாராவது பழைய பாட்டைக் கேட்டால், "அது இப்ப வராதுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறான். அடுத்தவர் குரலை எடுப்பதென்றால் நேரில் போய்க் கேட்டு, பாட்டை முடித்துப் போட்டுக்காட்டி, சரி என்ற பிறகே வெளியிடுகிறான். இதனால் வருடத்துக்கு இரண்டு பாட்டு தேறினால் அதிகம். போன மாதம் ஒரு பெண் பஸ் கண்டக்டரின் குரலை வைத்து ஒரு பாட்டு முடித்தான். அதற்கு நாலு மாதம் பிடித்தது. டிப்போவின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, பைக்குள் சில்லறையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் முழுப் பாட்டையும் கேட்டார்.

"எப்படி இருக்குங்க?"

"பாட்டு பரவாயில்ல. ஆனா அன்னிக்கு எனக்குச் சளி. மூக்கால பேசுற மாதிரி இருக்கு. திரும்ப எடு."

ஸ்பானர் மைக்கை எடுத்துப் போனில் மாட்டினான். பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது.