பாலுக்கு எதிராகப் பேசியவன்

தேநீரில் எனக்குப் பால் தூக்கலாக இருக்க வேண்டும். டிகாக்‌ஷன் நிறம் காட்டினால் போதும். நாக்கில் அது தன் இருப்பை அறிவிக்க வேண்டியதில்லை. இந்த எளிய உண்மையை, ஓசூரில் நான் வேலைபார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில், ஒரு ஷிஃப்ட் முழுவதன் முன்னிலையில் மறுத்துப் பேசினேன். மறுத்ததோடு நில்லாமல் வெற்றியும் பெற்றேன்.

எங்கள் பிரிவுக்குக் காலை எட்டரை மணிக்குத் தள்ளுவண்டியில் இரண்டு கேன்கள் வரும். ஒன்றில் சர்க்கரை போட்டுக் காய்ச்சிய பால், மற்றதில் டிகாக்‌ஷன். கலந்து கொடுக்க ஆள் கிடையாது. குழாயைத் திருகி அவரவருக்கு வேண்டிய அளவில் அவரவரே பிடித்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்து வெல்டர் டம்ளரை டிகாக்‌ஷனால் நிரப்பிவிட்டு, பால் குழாயை ஒரு முறை தட்டுவார், விழுந்த அளவுதான் பால். கன்னடம் பேசும் ஸ்டோர்காரர் அரை டம்ளருக்கு மேல் பிடிக்கமாட்டார், ஆனால் இரண்டு முறை வருவார். ஒருவர் டம்ளரை மற்றவர் கேலி செய்வதில் அந்தப் பத்து நிமிடம் கரைந்துவிடும். என் டம்ளரைப் பார்த்து வெல்டர் தினமும் கேட்பார், “டம்ளர்ல எதுக்குல பிடிக்க? பீடிங் பாட்டில் கொண்டாந்துரு.”

என்னைப் போலவே பால் தூக்கலாகப் பிடிப்பவர் இன்னொருவர் இருந்தார். எனக்கு அடுத்த மெஷினில் நிற்கும் அக்கா. இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள கல்லாவியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். முதல் ஷிஃப்டுக்கு நாலு மணிக்கே பஸ் ஏற வேண்டும். அந்நேரத்தில் அவருக்கு வாயில் எதுவும் இறங்காது. சாப்பாட்டு மணி பதினொன்றரைக்குத்தான். ஆகவே எட்டரை மணிப் பால்தான் அவருக்குக் காலை உணவு. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் பார்த்ததால் எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசினேன் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரி கொடுத்து முடித்த பிறகு பட்டிமன்றம் நடத்துவது எங்கள் தொழிற்சாலை வழக்கம். மனிதவள அதிகாரியே நடுவர். அந்த ஆண்டுத் தலைப்பு, உழைப்பவனுக்கு ஏற்ற தேநீர் ஸ்ட்ராங்கா, பால் தூக்கலா என்பது. கல்லூரிக் காலத்தில் பேச்சுப் போட்டிகளில் நான் வாங்கிய கோப்பைகளைக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்ட்ராங் அணியைக் கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தை வெல்ல வைப்பவனே பேச்சாளன் என்று பழக்கப்பட்டவன் நான்; அந்தப் பழக்கத்தைத் திறமை என்றே நம்பியிருந்தேன்.

பாலில் கரைந்த தேயிலை தன் முகவரியைத் தொலைத்த தேயிலை என்று தொடங்கினேன். இரும்பைத் தொடும் கைக்கு இனிப்புக் கஞ்சி எதற்கு என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, ஒரு கணம் நிறுத்தி, “குழந்தைக்குக் கொடுங்கள் பாலாடையை! உழைப்பவனுக்குக் கொடுங்கள் தேநீரை!” என்று முடித்தபோது வெல்டர் விசிலடித்தார். அக்காவும் கைதட்டினார். தீர்ப்பு எங்கள் அணிக்கே.

அடுத்த மாத முதல் வாரத்தில் தள்ளுவண்டியில் ஒரே ஒரு கேன் வந்தது. கலந்தே வந்தது. ‘ஊழியர்கள் விருப்பப்படி ஸ்ட்ராங் டீ’ என்று அதன்மீது தாள் ஒட்டியிருந்தது. கருத்து, கொதித்து, திரும்பக் கொதித்த நீர் அது. இரண்டு நாள் மகிழ்ந்திருந்த வெல்டர் மூன்றாம் நாள், இது ஸ்ட்ராங் இல்லை, வெறும் கசப்பு என்று துப்பினார். அந்த வாரத்திலேயே அந்தத் தேநீருக்குத் ‘தீர்ப்பு’ என்று பெயர் விழுந்தது. தீர்ப்பு குடித்தாயிற்றா என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டே வரிசையில் நின்றார்கள்.

அக்கா கேலி செய்யவில்லை. முதல் வாரம் குடித்துப் பார்த்தார். வெறும் வயிற்றில் எரிச்சல் தாங்காமல் பிறகு விட்டுவிட்டார். ஒருநாள் பத்து மணி இருக்கும், மெஷினை நிறுத்திவிட்டு அதன் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். சூப்பர்வைசர் வந்து, இப்படி இன்னொரு முறை நின்றால் லைனிலிருந்து எடுத்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். அக்காவைப் போன்ற காண்ட்ராக்ட் ஆளை லைனிலிருந்து எடுத்தால் அதன் பிறகு கம்பெனி கேட்டுக்குள் வரமுடியாது. பாலைத் தனியாக அனுப்பச் சொல்லி சூப்பர்வைசரிடம் அக்கா ஏற்கெனவே கேட்டிருந்தாராம். பேசினவனையே போய்க் கேட்கச் சொல் என்பது அவருடைய பதில்.

“நீ போயி ஒரு வார்த்த சொல்லு தம்பி. நீ சொன்னாக் கேப்பாங்க. நானும் கூட வர்ட்டா?”

வேண்டாம் அக்கா, நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் கூட வந்து இடையில் ஏதாவது சொன்னால் என் பேச்சின் கட்டு குலைந்துவிடும் என்று எண்ணினேன். இதைவிட நாகரிகமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மனிதவள அதிகாரி அன்று நல்ல மனநிலையில் இருந்தார். நின்றபடியே பேசினேன். விருப்பம் என்பது தனிமனிதனின் கடைசி உரிமை என்றேன். உழைக்கும் வயிறு விவாதப் பொருளல்ல, அது விவாதங்களுக்கெல்லாம் முந்தியது என்றேன். மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஒரு செய்தி வாக்கியங்களின் ஓட்டத்தில் எங்கும் பொருந்தவில்லை. பாதியில் அதிகாரி கையுயர்த்தி என்னை நிறுத்தி, பக்கத்து அறையிலிருந்த கணக்குப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டார்.

“சார், வந்து கேளுங்க. ஏம்ப்பா, அந்த வயிறு பாயிண்ட்ட இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். இருவரும் ரசித்தார்கள்.

“அன்னிக்கு அந்தப் பக்கம், இன்னிக்கு இந்தப் பக்கம். ரெண்டும் சூப்பர். அடுத்த வருஷம் பால் சைடு உனக்குத்தான், போ.”

நான் விளையாட்டாகப் பேசவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் ஒரு நல்ல வரியாகவே அவர் கேட்பார் என்று விளங்கியது. இந்த அறையில் நான் எதைச் சொன்னாலும் அது இனி பேச்சுத்தான், செய்தி ஆகாது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா மெஷினை நிறுத்தாமலே தலையை மட்டும் திருப்பினார். நடக்கவில்லை என்றேன். என்ன சொன்னாய் என்று கேட்டார். நான் சொன்னதில் முக்கியமானவற்றைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

“இத அன்னிக்கே பேசியிருக்கலாமில்ல தம்பி? நீயும் பால்தான புடிப்ப?”

“அன்னைக்கு எனக்கு அந்த அணியக் குடுக்கலக்கா.”

“குடுத்தாத்தான் பேசுவியா?”

அவர் குரலில் கோபமில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்பவரின் குரல் அது. கேட்டுவிட்டு அவர் அடுத்த பாகத்தை எடுத்து மெஷினில் பொருத்தினார்.